சுவாஹிலியில் ஒரு நலம் விசாரிப்பு

சுவாஹிலி இலக்கணப் புத்தகம் எவ்வளவு கனம் என்பதை நான் என் கன்னத்தில்தான் அறிந்தேன். கெட்டி அட்டை போட்ட ஜெர்மன் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு ஓய்வு நாள். மத்தியானச் சோறு முடிந்து அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் பையிலிருந்து நழுவி விழுந்த புத்தகத்தை அப்பா எடுத்துப் புரட்டினார். மகள் சட்டம் படிக்கிறாள் என்று சூரிச் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர். இது என்ன என்று கேட்டார். ஆப்பிரிக்க மொழிகளும் பண்பாடுகளும், போன வருடமே அந்தப் பாடத்துக்கு மாறிவிட்டேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் புத்தகம் முகத்துக்கு வந்துவிட்டது.

"கறுப்பன்ர பாஷை படிச்சு நீ என்னத்தைக் கிழிக்கப் போறாய்?"

அவர் சொன்னது 'கறுப்பன்' அல்ல. எங்கள் சனம் வைத்திருக்கும் இன்னொரு சொல். அதை நான் எழுத மாட்டேன். வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. அம்மா மேசை துடைத்த துணியையே என்னிடம் நீட்டினார்.

ஏன் அந்தப் பாடம் என்று எல்லோரும் கேட்டார்கள். வகுப்பில் இருந்த சுவிஸ் பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்கள் தன்சானியாவில் முதுகுப்பையோடு சுற்றிவிட்டு, அந்த மோகத்தில் வந்து சேர்ந்தவர்கள். நான் சேர்ந்ததற்கு அப்படி அழகான காரணம் ஒன்றும் இல்லை. வைத்தியம், சட்டம், வங்கி என்று எதை எடுத்தாலும் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. யாரும் மூக்கை நுழைக்க முடியாத ஒரு பாடம் எனக்கு வேண்டியிருந்தது. போகப்போக அந்த மொழி எனக்குப் பிடித்தும் போயிற்று.

ஒரு நாள் ஜெர்மன்காரர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவை ஆண்ட காலத்துச் சவுக்கு ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினார்கள். நீர்யானைத் தோலில் செய்தது. எனக்கு முன்னால் இருந்தவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எந்த முனை கைக்கு, எந்த முனை முதுகுக்கு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு இடுப்புப் பட்டி இருந்தது. அழுதவள் மீது எனக்கு வந்த ஆத்திரம் நியாயமில்லாதது. ஆனாலும் வந்தது.

வாய்மொழித் தேர்வில் எனக்குப் புள்ளி குறைந்தது. வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்குப் போய்விட்டேனாம். எங்களுக்கு மொழி கற்பித்த சான்சிபார்ப் பெண் அதை மன்னிக்கவே இல்லை. பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமூ' என்று தொடங்க வேண்டும். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பிறகு உடம்பு எப்படி, வீடு எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முதல் பதில் 'ந்ஸூரி', அதாவது நலம். வீட்டில் பிணம் கிடந்தாலும் முதலில் நலம்தான். உண்மை அதற்குப் பிறகு 'லாகினி' என்று தொடங்கி வரும். லாகினி என்றால் ஆனால். இதென்ன பொய் என்று எனக்கு எரிச்சல். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டிலும் வருகிறவர்களுக்கு நலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 'ஆனால்' மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பா லாங்ஸ்ட்ராஸத் தெருப் பக்கத்து உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரர். இளமையில் வேறொரு சமையலறையில் அவருடைய முழங்கையில் பழுக்கக் காய்ந்த அகப்பையை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அந்தத் தழும்பைக் காட்டி, தான் தொழில் படித்தது அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்லுவார். அவருக்குக் கீழே கோப்பை கழுவியவர் தன்சானியாக் கரையோரத்து மனிதர், அறுபதை நெருங்கியவர். சுவிஸ்காரியைக் கட்டி இங்கே வந்தவர். அவள் விட்டுப் போன பிறகு, வேலை இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு விசா.

அப்பாவிடம் சொந்தமாக, பொரிக்கிற இரும்புத் தாச்சி ஒன்று இருந்தது. எண்ணெய் ஊறிக் கறுத்து மினுங்கும். அதை ஒருவரும் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது. கோப்பை கழுவியவருக்கு அது தெரியாது. ஒரு மத்தியான நெரிசலில் கம்பிச் சுருள் போட்டுத் தேய்த்து, வெள்ளி போல ஆக்கிக் கொண்டுவந்து வைத்தார். அப்பா அந்தத் தாச்சியாலேயே அவருடைய நெற்றியில் அடித்தார். புருவம் பிளந்து எலும்பு தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து, சாடையாக ஒரு தட்டுத் தட்டினேன் என்றுதான் எங்களிடம் சொன்னார்.

ஈரத் தரையில் சறுக்கி விழுந்தேன் என்று சொல்லும்படி முதலாளி அடிபட்டவரிடம் கேட்டிருந்தார். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பாவின் குடியுரிமை விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தால் அதோடு அது முடிந்தது. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ வந்து அவற்ற பாஷையில கதை. சொந்தப் பாஷையில கேட்டா மனம் இளகும். உன்ர படிப்பு இப்பவாவது உதவட்டும்."

கன்னத்தில் வீக்கம் வற்றி அதிக நாளாகியிருக்கவில்லை. என்றாலும் போனேன். பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் எல்லோருடைய வாழ்க்கையும் போச்சு என்று அம்மா அழுததால் போனேன். என் மொழிக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டதே என்ற அற்ப சந்தோஷமும் இருந்தது.

ஞாயிறு பின்னேரம், வருத்தம் பார்க்கப் போகிற முறைப்படி ஆப்பிளும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனோம். ஒற்றைக் கட்டில், ஒரு கதிரை. நெற்றியில் பெரிய கட்டு, ஒரு கண் ஊதி மூடிக் கிடந்தது. நான் ஷிகமூ என்றேன். அவர் மற்றக் கண்ணை விரித்து என்னைப் பார்த்து, 'மராஹபா' என்று முறைப்படி ஏற்றுக்கொண்டார். உடம்பு எப்படி என்று கேட்டேன். நலம். வீடு எப்படி? நலம். பழக்க தோஷத்தில் வேலை எப்படி என்றும் கேட்டுவிட்டேன். எனக்கே கூசியது. அதற்கும் அவர் நலம் என்றார்.

என்ன சொல்லுகிறார் என்று அப்பா என் தோளை உலுப்பினார். எல்லாம் நலமாம் என்றேன். அது வெறும் தொடக்கம்தான் என்று விளக்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அப்பாவின் முகம் பூவாய் மலர்ந்தது.

"பாத்தியோ, ஆளுக்கு ஒண்டுமில்லை."

பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அவருடைய முதுகில் தட்டிக்கொடுக்கக் கையை ஓங்கினார். பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்து முகத்தை மறைத்தார். நானும் மறைத்தேன். அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் ஒரே கணத்தில் ஒரே மாதிரிக் குனிந்தோம்.

அவர் கையை இறக்கி என்னையே பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சுவாஹிலியில் கேட்டார்: "உன்னையும் அடிக்கிறாரா?"

"ஓம்" என்றேன், அவருடைய மொழியில்.

சறுக்கி விழுந்தேன் என்று சொல்லத்தான் இருந்ததாக அவர் சொன்னார். அடுப்புச் சூட்டில் தனக்கு மட்டும்தான் அடி விழுகிறது என்று நினைத்திருந்தாராம். நாளைக்குக் காலையில் பொலிசுக்குப் போகிறேன், இந்தத் தெரு ட்ராம் தரிப்பிடத்துக்கு நீயும் வா என்றார். வேலை போய்விடுமே என்றேன். போகட்டும் என்றார்.

அவர் என்ன கேட்கிறார் என்று அப்பா மறுபடி என்னை உலுப்பினார். நான் பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நீங்கள் எனக்கும் அடிக்கிறனீங்களோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொன்னன். நாளைக்குப் பொலிசுக்குப் போறாராம்."

படிக்கட்டில் அப்பா என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். காதுக்குள் மணி அடித்தது. கீழ் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு சுவிஸ் மூதாட்டி எட்டிப் பார்த்து, இன்று ஞாயிறு, சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்பா அந்த மூடிய கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார், அவ்வளவு பணிவாக. வாழ்நாளில் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு முழுவதும் அந்த மன்னிப்பைக் கேட்டபோது வந்ததுதான்.

மறுநாள் காலை ட்ராம் தரிப்பிடத்தில் அந்தப் பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். காவல் நிலையத்தில் அவர் தன் சமையலறை ஜெர்மனில் தாச்சியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அதிகாரிப் பெண் தட்டச்சு செய்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். முடிந்ததும் அவள் கண் என் காதுப் பக்கம் காய்ந்திருந்த இரத்தத்தில் நின்றது. அடித்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். அப்பா என்றேன். உங்களுக்கு எப்படி, எல்லாம் நலம்தானே என்றாள்.

"நலம்" என்றேன். பிறந்ததிலிருந்து சொல்லி வந்த பதில், தானாகவே வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு முறைப்பாட்டுப் பதிவை மூடப் போனாள். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மொழிக்காரர்கள் முதல் நலத்துக்குப் பிறகு காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

"ஆனால்" என்றேன்.