கோட்டைத் தாண்டிய டைமிங்

அண்ணன் இன்று காலை பழைய டிராக்டரின் டீசல் பம்பைக் கழற்றி மாட்டி, எஞ்சினுக்குள் டீசல் பாயும் நேரத்துக்கு டைமிங் வைத்துக்கொண்டிருந்தார். பேட்டரி செத்துவிட்டதால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். "டீசல் கொஞ்சம் முந்தி அடிச்சாத்தான் இழுவை இருக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் இதையே சொல்லித்தான், கம்பெனி போட்ட அடையாளக் கோட்டைத் தாண்டிப் பம்பைத் திருப்பி வைப்பார். டீசல் முந்தி எரிந்தால் ஹேண்டில் திருப்பி உதைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் ஹேண்டிலைத் தொடமாட்டார். பம்பில் இருக்கன்குடிக் கோயில் திருநீற்றைப் பூசிவிட்டு, சுற்றுவதற்குப் பண்ணையாள் மாடசாமியைக் கூப்பிடுவார்.

ஒருநாள் ஹேண்டில் உதைத்து மாடசாமியின் மணிக்கட்டு முறிந்தது.

"ஒழுங்காப் புடிச்சிருந்தா இப்படி ஆகுமாலே?" என்றார் அப்பா.

"ஆமா மொதலாளி, நாந்தான் தப்பாப் புடிச்சிட்டேன்."

கை முறிந்தவரே பழியையும் ஏற்றுக்கொண்டதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கோணலாகக் கூடிய கையோடு அவர் விஸ்வநத்தத்துக்குப் பட்டாசு வேலைக்குப் போனார். அப்பா டைமிங்கை மாற்றவில்லை, ஆளைத்தான் மாற்றினார்.

இன்று அண்ணனும் பம்பைக் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டுத் திருநீறு பூசினார். வாசலைப் பார்த்து, "ஏலே, எவனாச்சும் இங்கன வாலே, சுத்தணும்" என்றார்.

நான் ஹேண்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "டைமிங் வச்சது நீங்கதானண்ணே. நீங்களே சுத்துங்க."

அண்ணன் ஹேண்டிலைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்து, பம்பைக் கோட்டுக்குத் திருப்பினார்.