நான் அந்த புரொடக்‌ஷன் மேனேஜர் இல்லை

1. அரை மணி நேரப் பதவி

நாடகம் படித்தவர்களுக்கு வேலை கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முதல் நாளே ஒரகடத்தில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பெரிய பதவி கிடைத்தது. அரை மணி நேரம் அதில் இருந்தேன்.

நிகழ்த்துகலையில் முதுகலை முடித்துவிட்டு, விழாக்கள் நடத்திக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அந்தத் தொழிற்சாலையின் ஆயுத பூஜை விழாவுக்கு மேடை, லைட், சவுண்டு எல்லாவற்றையும் நேரத்துக்கு வரவைத்து ஒழுங்காக நடத்துவது என் பொறுப்பு. எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் புரொடக்‌ஷன் மேனேஜர். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, "இன்னா வேலையா வந்துகிறீங்க?" என்று கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்று, "புரொடக்‌ஷன் மேனேஜர்" என்றேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "புச்சா ஒருத்தர் வர்றாருன்னு சொன்னாங்க. லேடீஸ்னு சொல்லல மேடம்" என்று சல்யூட் வைத்தார். ஹெல்மெட் வந்தது. என் காலைவிடப் பெரிய சேஃப்டி ஷூ வந்தது. ஒருவர் என்னை நேராக, இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு இன்ஜினியர், இரண்டாவது பிரஸ்ஸில் அவுட்புட் குறைந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார்.

நடிப்புப் பயிற்சியில், எதிரே நிற்பவர் என்ன சொன்னாலும் மறுக்காதே, ஏற்றுக்கொண்டு காட்சியை மேலே நகர்த்து என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே தலையை ஆட்டிவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். அவர் நெடுநேரம் விளக்கினார். "அப்படியே பண்ணுங்க" என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. தொழிற்சாலையின் உற்பத்தியைப் பார்க்கவேண்டிய உண்மையான புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியானது. "இவங்க பந்தல் கான்ட்ராக்ட் மேடம்பா" என்று சொல்லி ஹெல்மெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிரஸ் அன்று மாலையே சரியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

2. பேராசிரியரின் தீர்ப்பு

நான் நடிகையாக வேண்டும் என்றுதான் படிக்கப்போனேன். இரண்டாம் வருடம் ஒரு தயாரிப்பில் எனக்கு ராணி வேடம் கொடுத்தார்கள். ஒத்திகை பார்த்த எங்கள் பேராசிரியர், "நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலி உன்னைவிட நல்லா நடிக்குது" என்றார். பிறகு, அடுத்தவர்கள் எந்த வரியில் உள்ளே வரவேண்டும், எந்தப் பொருள் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று நான் மேடையில் நின்றபடியே முணுமுணுத்துக்கொண்டிருந்ததையும் கவனித்துவிட்டார். "இந்தப் பொண்ணை விங்ஸுக்குள்ள அனுப்புங்க. அங்கதான் இது உயிரோட இருக்கும்" என்றார். அவமானத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து பக்கத் திரைக்குப் பின்னால், ஸ்டேஜ் மேனேஜர்.

ஸ்டேஜ் மேனேஜர் என்றால் என்ன என்று என் அம்மா இன்றுவரை கேட்கிறார். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மேடை ஓரம் இருட்டில் நிற்பேன். லைட் மாறவேண்டிய நேரம் வருவதற்கு முன்னால் "ஸ்டாண்ட்பை" என்பேன். லைட்காரர் தயாராவார். சரியான நொடியில் "கோ" என்பேன். லைட் மாறும். சவுண்டுக்கும் அப்படியே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நம்பர் உண்டு, அதுதான் கியூ. "அப்ப நீ சொல்லலன்னா லைட்டு எரியாதா?" என்றார் அம்மா. எரியும், ஆனால் தப்பான நேரத்தில் எரியும் என்றேன். "இதுக்கா ரெண்டு வருஷம் படிச்ச?" என்றார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரை எத்தனை தொழிற்சாலைகளோ, அத்தனை விழாக்கள். பூமி பூஜை, புது லைன் திறப்பு, பாதுகாப்பு வாரம், ஃபேமிலி டே. நான் பிழைத்தது இவற்றால்தான்.

3. ஃபேமிலி டே

பிள்ளைப்பாக்கத்தில் காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலை. வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் லைனில் பெரும்பாலும் பெண்கள். எச்.ஆர். மேனேஜர் கல்பனா அந்த வருட ஃபேமிலி டேவுக்கு ஒரு பாதுகாப்பு நாடகம் கேட்டார். தொழிலாளர்களே நடிக்கவேண்டும். கதை எளிமையானது: வேலையில் அடிபட்டதை மறைத்துவிட்ட மகனைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வருகிறாள்.

அந்த அம்மாவாக நடித்தவள் இசக்கியம்மாள். விளாத்திகுளம் பக்கத்துப் பெண். மண்ணூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு இருக்கலாம். முதல் ஒத்திகையிலேயே மகனாக நடித்த பையனை அவள் ஏசிய ஏச்சில் அவன் நிஜமாகவே பின்வாங்கினான். "எங்கம்மைய மாதிரி ஏசுனேன்க்கா, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர முடியாமல் போனது அது.

விழாவுக்கு முந்தைய இரவு, "எங்க அய்யாவும் அம்மையும் நைட்டு பஸ்ஸுல ஏறிட்டாவக்கா. நான் இங்க என்ன செய்யுதேன்னு அவுக ஒருநாளும் பாத்ததில்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா. அதே வாரம் ஒரு மிஷின் பழுதாகி, கார் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய சரக்கு தேங்கிவிட்டது. அதனால் ஒரே ஒரு லைன் மட்டும் ஞாயிறும் ஓடியது. இசக்கியின் லைன். மதியம் முடியவேண்டிய ஷிஃப்ட் மாலைவரை நீண்டுவிட்டது. இந்தச் செய்தி எனக்கு வந்தபோது, காலி செய்து கறுப்புத் துணி கட்டிய குடோனில் குடும்பங்கள் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டன. முதல் வரிசைக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாவும். கேட்கவே வேண்டாம், அந்த அம்மாவின் மூக்கு அப்படியே இசக்கியின் மூக்கு.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு லைனுக்கு ஓடினேன். சூப்பர்வைசர் ஏழுமலை உள்ளூர்க்காரர். கோபக்காரர் இல்லை, ஆனால் அன்று முகம் கறுத்திருந்தது.

"ஒரு அரை மணி நேரம் மட்டும் விடுங்க சார்."

"இன்னா மேடம் வெளாடுறீங்களா. ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. இத்தையும் இட்டுகினு பூட்டீங்கன்னா அந்த ஸ்டேஷன் காலி. ஒரு ஸ்டேஷன் நின்னா மொத்த லைனும் நிக்கும். லோடு முடியட்டும், நானே அனுப்புறேன்."

இசக்கி என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. வயரில் டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. "வந்துட்டாவளாக்கா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிட்டார்கள் என்றேன்.

திரும்பி வந்ததும் கல்பனா ஒரு வழி சொன்னார். "உங்களுக்குத்தான் எல்லா டயலாக்கும் தெரியுமே. நீங்களே நடிச்சிடுங்க. படிச்சவங்கதானே."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் என் முதுகு நேரானது. உடனே அந்தப் பெரியவரின் வேட்டி கண்ணில் பட்டது. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர், என் நடிப்பைப் பார்க்கவா வந்தார்? அந்தத் தண்டனைக்கு அவர் என்ன குற்றம் செய்தார்? "நாடகத்தைக் கடைசிக்குத் தள்ளிடலாம் மேடம். அதுவரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றேன்.

ஓட்டுவதற்கு என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. தொழிற்சாலைக்கே தலைவரான பிளான்ட் ஹெட்.

அந்த வட்டாரத்திலேயே அவர் பேச்சுக்குப் பெயர் போனவர். மைக் கையில் கிடைத்தால் கம்பெனி தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்காகவே மேடை விளிம்பில் ஒரு சிவப்பு பல்பு வைத்திருந்தேன். அது எரிந்தால் முடிக்கவேண்டும். போன இரண்டு விழாக்களில் அதை எரியவிட்டு அவரைப் பாதியில் இறக்கியிருக்கிறேன். இப்போது ஓடிப்போய், "சார், இன்னிக்கு நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "ரெட் லைட்?"

"பிளக்கையே புடுங்கிட்டேன் சார்."

மலர்ந்த முகத்தோடு மேடை ஏறினார். எல்லோரையும் வரவேற்றார். தரம் என்றார். டெலிவரி என்றார். பல்பைப் பார்த்தார். மறுபடி தரம் என்றார். மறுபடி பல்பைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"அந்த லைட் எரியலன்னா எங்க நிறுத்தறதுன்னே தெரியலம்மா. அதான் உடனே நிறுத்திட்டேன்" என்றார், குற்றம் என்மேல் என்பதுபோல. யோசித்தால் என்மேல்தான்.

மேடை காலி. நிகழ்ச்சி நிரலில் மிச்சமிருந்தது நாடகம் மட்டும்தான். குழந்தைகள் நாற்காலிகளில் ஏறி நிற்க ஆரம்பித்தன. கல்பனா என்னைப் பார்த்தார். வேறு யாரும் இல்லாததால் நானே மைக்கை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். படிப்பு முடித்துச் சில வருடங்கள் கழித்து முதல் தடவை. "வணக்கம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

ஹெட்செட்டில் லைட்காரர் ஜாபர் பாய் கேட்டார்: "மேடம், மேல இன்னா பண்ணிகினு கீறீங்க?"

தெரிந்த குரல் கேட்டதும் தெரிந்த வார்த்தை வந்தது. "ஜாபர் பாய், கியூ நாலு, ஸ்டாண்ட்பை" என்றேன். கையில் மைக் இருப்பது மறந்துவிட்டது. குடோன் முழுக்கக் கேட்டது. "கோ."

மேடை நீலமானது. குழந்தைகள் கைதட்டின. முன்வரிசையில் ஒரு சிறுமி, "அது எப்பிடி மாறுச்சு?" என்றாள்.

சொன்னேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு? இருட்டில் நிற்கும் என் வேலையை மேடையில் நின்று சொன்னேன். பிறகு, "நான் ஸ்டாண்ட்பைன்னு சொல்லுவேன். நீங்க எல்லாரும் கோன்னு சொல்லணும்" என்றேன். சொன்னார்கள். சிவப்பு வந்தது. மஞ்சள் வந்தது. இடிச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நான் ஸ்டாண்ட்பை சொல்வதற்கு முன்னாலேயே நாலாபக்கமும் கோ, கோ என்று கத்தினார்கள். ஜாபர் பாய் எந்தக் கோவுக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டார். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் பிளான்ட் ஹெட். நான் படித்த கலைக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது. அதைவிட நல்ல கூட்டமும் எனக்கு வாய்த்ததில்லை.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஏழுமலை சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டியில் இசக்கியை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். லோடு முடியும் முன்னமே அவளைக் கை கால் கழுவ அனுப்பிவிட்டு, கடைசிக் கொஞ்ச நேரம் அவள் இடத்தில் அவரே உட்கார்ந்து முடித்திருக்கிறார். "கை மறந்து பூட்ச்சு மேடம். நான் சுத்துன ரெண்டு பீஸும் ரிஜெக்ட்டு" என்றார்.

கம்பெனி பஸ்கள் கிளம்பவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. சேலை கட்ட நேரமில்லை. "அப்படியே ஏறு" என்றேன். லைனில் போடும் நீலக் கோட்டோடும், முடியை மூடிய தொப்பியோடும் ஒரு கிராமத்துக் கிழவி மேடைக்கு வந்தாள். முதலில் சிரிப்பு எழுந்தது. அவள் முதுகை வளைத்து, மகனைப் பார்த்து, "ஏலே, கைய மறைக்காத, இங்கிட்டு காட்டு" என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது. நான் விங்ஸில் நின்று கியூ சொன்னேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்தது. இசக்கியின் அம்மா அவள் தோளில் ஒன்று போட்டு, "கழுத, என்னையவே நடிச்சுக் காட்டுதா" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மகளின் கோட்டுக் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் தெனமும் போட்டுக்கிடுவியா?"

"ஆமாய்யா."

"உள்ள என்னம்மா செய்வ? செஞ்சு காட்டு."

உள்ளே குடும்பங்களுக்கு அனுமதி இல்லை, ஃபேமிலி டேவாக இருந்தாலும். அதனால் அவள் காலி மேடையில் நின்றே செய்து காட்டினாள். இல்லாத பலகையில், இல்லாத வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரிசையாகப் போட்டு, டேப் சுற்றி, தட்டிப் பார்த்து, அடுத்தவளுக்கு நகர்த்தினாள். அவர் நாடகத்தைக்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை. லைட்டை அணைத்துவிடலாமா என்று ஜாபர் பாய் கேட்டார். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.

இதில் பாடம் என்னவென்று கேட்பீர்கள். இப்போது எந்தத் தொழிற்சாலை விழா என்றாலும், மேடையின் அளவைக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். நடிக்கிறவர்களுக்கு அன்று என்ன ஷிஃப்ட்? வருகிற குடும்பங்களை லைன்வரை கூட்டிப்போய்க் காட்ட முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் முடியாது என்பார்கள். ஒரே ஒரு இடத்தில், மிஷின்களை நிறுத்திவிட்டு, சரி என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் லைனை விட்டு நகரவே இல்லை. அன்று என் நாடகத்தைப் பார்க்க ஜாபர் பாயையும் செக்யூரிட்டியையும் தவிர ஆளே வரவில்லை.