அயோடின் மாப்பிள்ளை

வாழைப்பழத்தை உரித்ததும் வாயில் போட்டுவிட மாட்டார். ஓர் ஓரத்தைக் கிள்ளித் தட்டில் வைத்து, சட்டைப்பையிலிருக்கும் சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு அயோடின் விடுவார். கருநீலம் ஏறினால், "மாவு இன்னும் சர்க்கரையாகல, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று மீதியை மூடி வைத்துவிடுவார். கிள்ளிய துண்டு குப்பைக்குப் போகும். "தொட்டுப் பாத்தாலே தெரியாதாக்கும்!" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

என் கடைசித் தங்கையின் வீட்டுக்காரர் அவர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் பார்ப்பதற்கு உருளைக்கிழங்கைச் சுரண்டுவதும், வெங்காயச் சவ்வை உரித்துக் கண்ணாடித் தகட்டில் படியவைப்பதும் வேலை. ஆள் ஒட்டடைக்குச்சி, பேச்சு மட்டும் ஓயாது.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு பரண் இருக்கு மச்சான். செடி தண்ணிய ஒரு பையில கட்டி வச்சுக்கும், சாப்பாட்ட மாவாக்கி வச்சுக்கும். நாம கல்லீரல்ல கொஞ்சம், மிச்சத்தக் கொழுப்பா வச்சுக்கறோம்."

"அப்ப என் தொந்தி கிடங்குன்னு சொல்லுங்க."

"கிடங்குதான். கதவுதான் தொறக்க மாட்டேங்குது."

எங்கள் பெரியக்கா இறந்தபோது தங்கை சோற்றைத் தொடவில்லை. தாயில்லாத அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பெரியக்காதான். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இவரோ பதறவே இல்லை.

"கல்லீரல்ல உள்ளது ஒரு நாளைக்கு வரும். அப்புறம் கொழுப்ப எடுத்துக்கும். உடம்புல இருக்கு மச்சான், பயப்படாதீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவ என்ன உங்க உருளைக்கிழங்கா மாப்பிள்ளை? எழுந்து நிக்கவே சுவரப் பிடிக்கிறாளே, கண்ணுல படலையா?"

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். சோறு பிசைந்து கொண்டுபோனார், கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்கும் போகவில்லை. சாயங்காலம் மறுபடி சோறு பிசைந்து வந்தவர், உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டாள்.

"நீங்க எதுக்குப் பட்டினி கிடக்கறீங்க?" குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "உங்க உடம்புல என்ன சேத்து வச்சிருக்கு?"

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் உருட்டி அவர் வாயில் வைத்தாள். அவர் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, விரலில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.