ஐந்தாவது துண்டு

ஒரு நாவலின் கடைசியில் ஒரு கதவு வருகிறது. அது திறந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் எஸ்தர் அக்கா இறந்தாரா? எனக்குத் தெரியாது. பொத்தேரியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் இந்தக் கேள்வியைப் போன வாரத்திலிருந்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். இருக்கிற தடயங்கள் இரண்டு. புத்தகம் மூடியிருந்தது. அதன்மேல் மூக்குக் கண்ணாடி இருந்தது. படித்து முடித்தவரும் அப்படித்தான் வைப்பார். சற்றுக் கண்ணயரலாம் என்று நினைத்தவரும் அப்படித்தான் வைப்பார்.

செய்தியைச் சொன்னவள் கற்பகம். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள், எங்கள் ரயில் தோழி. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், அக்கா போய்ட்டாங்க மேடம். மத்தியானம் சாப்ட்டு ஈசிசேர்ல சாஞ்சவங்க, அப்டியே போய்ட்டாங்க. அவங்க பொண்ணு ஜெனி இப்பதான் சொல்லிச்சு."

அழுதாள். நானும் ஏதோ சொன்னேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேடம், அஞ்சாவது துண்டு அவங்ககிட்டதான் கீது" என்றாள்.

"போனை வை, கற்பகம்" என்றேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துண்டு என்றால் என்ன என்று அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, செங்கல்பட்டில் கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே ஓர் அம்மாள் மடியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் புத்தம்புதிய நாவல் ஒன்றைக் குப்புறப் படுக்கவைத்து, ஆபரேஷன் கத்தியால் அதன் முதுகை அறுத்துக்கொண்டிருந்தார். ரத்தம் வராததுதான் குறை. முடித்ததும் ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் அகலமான வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டினார். நான் பொதுவாக ரயிலில் யாரிடமும் பேசுவதில்லை. அன்று பேசிவிட்டேன்.

"புத்தகத்தைப் போய் யாராவது இப்படி அறுப்பார்களா?"

"இத்தாம் பெரிய புக்க ஒரு கையில புடிச்சிக்கினு, கம்பிய ஒரு கையில புடிச்சிக்கினு நின்னு பாரு, மணிக்கட்டு இன்னா ஆவுதுன்னு. நீயா பெத்த இத?"

"இல்லை. ஆனால்..."

"அப்ப சும்மா இரு. இந்தா, மொத துண்டு முடிச்சிட்டேன். என் மூஞ்சியயே பாத்துக்கினு வர்றதுக்கு இதப் படி."

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்களில் ஒன்று. சில வாரங்களில், சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறும் கற்பகம் நான் முடித்த துண்டை என் கையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். அப்படி மூன்று பேர் ஆனோம். அக்கா முன்னால், நான் நடுவில், கற்பகம் கடைசியில். ஒரே ஒரு விதி: பின்னால் வருபவளுக்குக் கதை சொல்லக் கூடாது, பிடித்ததா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். மூவரும் படித்தபின் துண்டுகளை அக்கா தையல் போட்டு ஒன்றாக்கி, தாம் தலைமை நர்ஸாக இருந்த கூடுவாஞ்சேரி மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் வைத்துவிடுவார். ஒரு முறை சரித்திர நாவல் ஒன்றின் மூன்றாம் துண்டு ஆடு வளர்ப்புப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. யாரும் புகார் செய்யவில்லை. நோயாளியோடு வந்த ஒருவர் மட்டும், இளவரசி அத்தனை ஆடுகளை எப்படிச் சமாளித்தாள் என்று வியந்தாராம்.

படாளத்துக்கு உட்புறம் ஒரு சிற்றூர் அக்காவுக்குச் சொந்த ஊர். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் முதலில் வெள்ளைச் சீருடை போட்டவர் அவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசியதெல்லாம் புத்தகங்களைப் பற்றி. அதுவும் வார்டில் ரவுண்டு போகிறவரைப் போல.

அதிகாலையில் எழுந்தால் வெற்றி நிச்சயம் என்ற முன்னேற்ற நூலை இரண்டு ஸ்டேஷனுக்குள் முடித்துவிட்டு, "நாலு மணிக்கு முழிச்சிக்கினு இருக்கறவன்லாம் பெரிய ஆளாவான்னா, நைட் டூட்டி நர்ஸுங்க அத்தன பேரும் கலெக்டர் ஆயிருக்கணுமே" என்றார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் தன்வரலாற்றைப் பற்றி, "பொறந்ததுலேர்ந்து ஒரு தப்பு கூடப் பண்ணல இந்த மனுஷன். ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல, எதுக்கு பெட்ட அடச்சிக்கினு? டிஸ்சார்ஜ் பண்ணு" என்றார். பரிசு பெற்ற ஒரு சோக நாவலுக்கு, "மூணு அத்தியாயமா ஜுரம் அடிக்குது அந்தப் பொண்ணுக்கு. ஒருத்தனாவது கஞ்சி வச்சுக் குடுத்தானா? சன்னலத் தொறந்து வானத்தப் பாத்துக்கினு நிக்கறான்." சரித்திர நாவல்களில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்களா என்பதைத் தவிர வேறெதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

இறந்தவர் என்பதற்காக எல்லாம் சரியாகச் சொன்னார் என்று எழுத மாட்டேன். பல சமயம் அநியாயமாகத் தீர்ப்புச் சொன்னார். நல்ல கவிதைத் தொகுப்பு ஒன்றை, "பக்கத்துக்குப் பக்கம் இவ்ளோ எடம் காலியா வுட்டுக்கீறாங்க, காகிதம் இன்னா வெல விக்கிது" என்று ஒதுக்கினார். வில்லனுக்குச் சர்க்கரை வியாதி இருந்துவிட்டால் எவ்வளவு மட்டமான நாவலையும் மன்னித்துவிடுவார். "பாவம், அவனுக்கும் கால் எரியும்ல" என்பார். இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லாமல் இருந்ததில்லை.

அதற்குப் பதிலாக அவர் என்னைக் கேலி செய்வார். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் என் கருத்து "பரவாயில்லை" என்பதுதான். அதற்குமேல் சொல்ல எனக்குப் போதிய ஆதாரம் கிடைத்ததில்லை.

"இன்னா ப்ரொபசரம்மா, எப்டிக்கீது?"

"பரவாயில்லை."

"கற்பகம், இவ கல்யாணத்துல மாப்பிள்ளையப் பாத்துட்டும் இதான் சொல்லியிருப்பா."

உண்மையில் அதைத்தான் சொல்லியிருந்தேன். அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்காவின் அளவுகோல் வேறு. கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டியவர், படித்துக்கொண்டே சில நாள் இறங்க மறந்துவிடுவார். அடுத்த ஸ்டேஷனான ஊரப்பாக்கத்தில் இறங்கித் திரும்பி வருவார். அது "ஊரப்பாக்கம் புக்கு". நல்ல புத்தகம் என்று பொருள். அதையும் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வரை போனால் "வண்டலூர் புக்கு". அது வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம். ஒரே ஒரு முறை தாம்பரம் வரை போய்விட்டார். அது குழந்தைகளுக்கான புத்தகம். கூடுவாஞ்சேரியிலேயே ஒழுங்காக இறங்கினால் அந்தப் புத்தகம் தேறவில்லை.

"நீ ஒரு நாளாவது பொத்தேரிய வுட்டுக்கீறியா?" என்று என்னைக் கேட்பார்.

"எனக்கு முதல் வகுப்பு இருக்கிறது, அக்கா."

"வகுப்பு எல்லாருக்கும்தான் கீது. உன்ன வண்டலூர் வரைக்கும் இஸ்துக்கினு போற புக்கு ஒண்ணு கெடைக்காமலா பூடும்? பாத்துட்டுதான் கண்ண மூடுவேன்."

போன வருடம் ஓய்வுபெற்று, மாமல்லபுரத்தில் இருக்கும் மகள் ஜெனி வீட்டுக்குப் போனார். துண்டுகள் நிற்கவில்லை. பழைய மருந்துக் கவரில் போட்டு, செங்கல்பட்டு வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். நான் பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்வேன். அந்தக் கண்டக்டர் அதை மருந்தென்றே நம்பி ஈரம் படாமல் கொண்டுவந்தார். ஒரு நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஒடம்பு இப்ப எப்டிக்கீது மேடம்? வாரா வாரம் இவ்ளோ தடியா மருந்து வருதே" என்று விசாரித்தார். "பரவாயில்லை" என்றேன்.

கடைசியாக அப்படி வந்தது அண்மையில் வெளியான தடித்த நாவல் ஒன்று. உப்பளத்தில் வேலை செய்யும் அக்காள், தங்கை கதை. அக்காள் ஒரு நாள் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள். கிழவியான பிறகு திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே தங்கை தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். அங்கே நான்காவது துண்டு முடிந்துவிட்டது.

அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்து, இது மலிவான உத்தி என்றேன்.

"உத்தியாவது கித்தியாவது. தொறப்பாளா மாட்டாளா? அதச் சொல்லு."

"திறக்க மாட்டாள். திறப்பதற்கு முந்தைய நான்கு துண்டுகளிலும் ஒரு காரணமும் இல்லை."

"தொறப்பா. கூடப் பொறந்தவ வாசல்ல நிக்கறா. காரணம் பாத்தா தொறப்பாங்க? நாளைக்கு அஞ்சாவது துண்டப் படிச்சிட்டு உன்ன வச்சிக்கிறேன் இரு."

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் மத்தியானம் அவர் ஈசிசேரில் சாய்ந்தார்.

அடக்கத்துக்கு நானும் கற்பகமும் ஒரே பஸ்ஸில் போனோம். ஜெனி வீட்டு வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், தெருக்கோடியில் கடல். உறவினர் ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எந்த வழி?" என்று கேட்டார்.

"நாங்க ட்ரெயினுங்க" என்றாள் கற்பகம்.

"பஸ்ஸுல வந்தீங்கன்னாங்களே?"

விளக்க நேரமில்லை. உள்ளே போனோம். அக்கா சவப்பெட்டியில் வெள்ளைப் புடவையில் இருந்தார். கூப்பிய கைகளின் கீழே பைபிள் இருந்தது. அதன் பக்கத்தில், ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிய இன்னொரு புத்தகம். கற்பகம் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"மேடம், அதேதான்."

"தெரிகிறது."

"கேக்கலாமா?"

"என்னத்தைக் கேட்பது? பேசாமல் இரு."

"அக்காவா இருந்தா அவங்களே எடுத்துக் குடுத்திருப்பாங்க மேடம்."

நாங்கள் கிசுகிசுப்பதை அக்காவின் கணவர் தேவராஜ் அண்ணன் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் வந்தார். "அம்மா கையில கடைசியா இருந்ததுன்னு ஜெனிதான் வச்சா. போதகர்கூடப் பாட்டுப் புக்குன்னு நெனச்சிக்கினு ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு, "நாட்டுல வர்ற புக்குக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லுவா. அவ கொழம்புல உப்பு கம்மின்னு நான் ஒரு வார்த்த சொல்லக் கூடாது" என்றார். சிரிக்க ஆரம்பித்து அழுதார்.

ஜெனிக்கு எங்கள் மூவர் சங்கதி தெரியும். பெட்டியை மூடுவதற்கு முன் எங்களிடம் வந்தாள். "மேடம், நீங்க இதப் படிக்கலல்ல? எடுத்துக் குடுக்கட்டுமா? அம்மா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாங்க."

கற்பகம் கையை நீட்டிவிட்டாள். ஜெனியும் குனிந்துவிட்டாள்.

"அம்மா முடித்துவிட்டாரா என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியல மேடம். புக்கு மூடிதான் இருந்துச்சு. அம்மா அடையாளம் வைக்க மாட்டாங்களே. எங்க வுட்டோம்னு மறந்துபோற புக்க எதுக்குப் படிக்கணும்னு சொல்லுவாங்க."

"அப்படியானால் இருக்கட்டும். ஒருவேளை முடிக்கவில்லையென்றால்?"

மறுமையைப் பற்றி எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனால் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்குவது எந்த நிலையிலும் நாகரிகமல்ல. ஜெனி கையை எடுத்துக்கொண்டாள். கற்பகம் என்னை இன்னொரு முறை கிள்ளினாள். இந்த முறை வலித்தது. சவுக்குத் தோப்பை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் மணல் ஈரமாக இருந்தது. ஐந்தாவது துண்டு அவரோடு இறங்கியது.

திரும்பும் வழியில் கற்பகம் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் என்னை இழுத்துக்கொண்டு போய், அதே நாவலின் புதுப் பிரதி ஒன்றை வாங்கினாள். "நாளைக்கு எடுத்துக்கினு வாங்க மேடம். வூட்டுல தொறந்தீங்க, பேச மாட்டேன்" என்றாள்.

வாசகர்களில் யாருக்காவது அந்தக் கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆவல் இருக்கலாம். மன்னிக்கவும். எஸ்தர் அக்கா கடைசித் துண்டை முடித்தாரா என்று எனக்குத் தெரியாதவரை, அவர் எனக்கு முன்னால் போனவரா, பின்னால் வருபவரா என்பதும் தெரியாது. பின்னால் வருபவருக்குக் கதை சொல்லக் கூடாது. போய் வாருங்கள், அக்கா.

மறுநாள் நடந்ததை மட்டும் குறித்துவைக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் கற்பகம் ஏறினாள். கடையிலிருந்து எடுத்துவந்த துணி வெட்டும் கத்தரியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே பண்ணுங்க. எனக்கு மனசு வரல." செய்தித்தாளை விரித்து, புத்தகத்தைக் குப்புறப் படுக்கவைத்து, நான்காவது துண்டு முடியும் இடத்தில் கோணல்மாணலாக வெட்டினேன். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஏம்மா, நல்லா இருந்த புக்க ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "சரி, அந்த முன்பாதி சும்மாதான கீது, இங்க குடு" என்று வாங்கிக்கொண்டாள். நான் கடைசித் துண்டைப் பிரித்தேன்.

"மேடம்" என்று கற்பகம் கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். ரயில் நின்றிருந்தது. வெளியே ஊரின் பெயர்ப்பலகையில் வண்டலூர் என்று இருந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லவில்லை?"

"படிச்சிக்கினு இருந்தீங்களே" என்றாள்.