கடலை இல்லாத சாப்பாடு

நிலக்கடலை ஒன்றை வரைந்து, அதன் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்ட காகிதம் ஒரு வாரம் எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தது. சென்னையில் ஒரு சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஃபேக்ஸில் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் அதை வாங்கி, கசங்காமல் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்காரர் வந்தார். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். கொல்லிமலை அடிவாரத்தில் நானும் என் அக்காவும் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் பிரியாணி ஆக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரரிடம் ஒரு ஜீப் இருந்தது. அண்டா குண்டாக்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவர் வேலை.

கப்பல் பயணிகள் பன்னிரண்டு பேருக்கு மலை மேல் மதியச் சாப்பாடு போட வேண்டும் என்று அந்தக் காகிதம் சொன்னது. கடல் எங்கே கிடக்கிறது, கொல்லிமலை எங்கே கிடக்கிறது என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் பூத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசிய, அவர்களைக் கூட்டிவரும் கைடுதான் விளக்கினார். உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் சென்னையில் இறங்குவார்கள்; மூன்று நாள் தரைவழியாக ஊர் பார்த்துவிட்டுக் கொச்சியில் அதே கப்பலில் ஏறிக்கொள்வார்கள். இவர்கள் சாதாரணப் பயணிகள் இல்லை. அதே கம்பெனியின் கப்பலில் திரும்பத் திரும்பப் போய்த் தங்க நிற அட்டை வாங்கியவர்கள். அட்டை வைத்திருந்தால் கப்பலில் துணி துவைத்துக் கொடுப்பது இலவசம், கேப்டனோடு ஒருநாள் விருந்து, இந்தத் தரைப் பயணமும் இலவசம். அவர்களில் யாருக்கு எந்தச் சாப்பாடு ஆகாது என்ற குறிப்பும் அவர்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஊர் மளிகைக் கடைக்கு நான் இருபது வருட வாடிக்கை. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு மேல் எனக்கு எதுவும் இலவசமாகக் கிடைத்ததில்லை.

கடலைப் படம் ஒரே ஒருவருக்காகப் போட்டது. எழுபது வயதுப் பெண்மணி. நிலக்கடலை கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடுமாம். பணக்காரர்களுக்கு வருகிற சொகுசு வியாதி என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்களெல்லாம் கடலையைத் தின்றே வளர்ந்தவர்கள். மழை பெய்தால் வறுத்த கடலை, பள்ளிக்கூடம் விட்டால் அவித்த கடலை. அதைத் தின்று யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கைடு இரண்டாம் முறை பேசியபோது குரலே மாறியிருந்தது.

"அக்கா, இது உயிர் போற விஷயம். கப்பல்ல இவங்க தட்டைப் பாக்கறதுக்குன்னே ஒரு ஆள் இருக்கான். அவன் பார்த்து அனுப்பினாத்தான் இவங்க கை வைப்பாங்க. அன்னைக்கு ஒருநாள் அந்த ஆள் நீங்கதான்."

அதற்குப் பிறகு நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்த கடலையை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எலுமிச்சைச் சோற்றுக்கு முந்திரி போதும் என்றேன். சட்னியில் கடலை கூடாது. மிக்ஸி ஜாரைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். மலையேறுகிற அன்று காலை ஜீப்பில் கொறிக்க அக்கா ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். மலை மேல் சந்தை கூடும் சோளக்காடு வரைக்கும் அவள் என்னோடு பேசவே இல்லை.

வாசலூர்பட்டி ஏரிக்கரையில், படகுத் துறைக்குக் கொஞ்சம் தள்ளி மர நிழலில் மேசை போட்டோம். பிரியாணியை வீட்டிலேயே தம் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். அப்பளமும் வடையும் அங்கேயே சூடாகப் பொரிப்பதாக ஏற்பாடு. பதினொன்றரை மணிக்கு அவர்களின் வேன் வந்தது. கைடு இறங்கியதும் அந்த அம்மாவைத்தான் முதலில் என்னிடம் கூட்டிவந்தார். ஒல்லியான உடம்பு, வெட்டிய வெள்ளை முடி, கான்வாஸ் செருப்பு. என் கையைக் குலுக்கிவிட்டு ஏதோ கேட்டார். கடலை இருக்கிறதா என்று கேட்கிறார் என்றார் கைடு. இல்லை என்றேன். பிரியாணி அண்டாவைத் திறந்து காட்டியபோது மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். மேசையில் இலை போடும்போது மூன்றாம் தடவையும் கேட்டார். எனக்குக் கோபம் சுருக்கென்று வந்துவிடும். இத்தனை பாடுபட்டும் நம்பவில்லையே என்று முகம் சுண்டிப்போனது. நெஞ்சில் கை வைத்தேன்.

"ஒரு பருப்புக்கூட இல்லீங்க. அல்லா மேல ஆணைன்னு சொல்லுங்க அவங்ககிட்ட."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லோரும் படகில் போனார்கள். பைகள் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று வேனிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார் கைடு. சாப்பாட்டுக்குப் பிறகு தர வேண்டிய அன்னாசியைச் சோளக்காட்டில் வாங்கியிருக்க வேண்டும். அக்காவோடு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்ததில் எனக்கு மறந்துபோய்விட்டது. ஜீப்பிலிருந்து பாத்திரங்களை முழுதாக இறக்கியிருக்கவில்லை. அதனால் வேன் டிரைவரிடம் சொல்லி, அன்னாசி வாங்கிவர வேனைச் சோளக்காட்டுக்கு அனுப்பினேன்.

படகிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். எலுமிச்சைச் சோறு, பிரியாணி, கத்தரிக்காய், அப்பளம் என்று நானே வரிசையாகப் பரிமாறினேன். அந்த அம்மா கையாலேயே சாப்பிட்டார். ஒரு அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்பில் எண்ணெய் குறைந்துவிட்டது, டின்னைத் தூக்கிச் சாய்க்க வா என்று அக்கா கூப்பிட்டாள். போய் அடிப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். டின்னின் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது.

அதில் ஒரு நிலக்கடலைப் படம். ஓடு பிளந்து உள்ளே இரண்டு பருப்பு. சுவரில் ஒட்டியிருந்த அதே கடலை, பெருக்கல் குறி மட்டும் இல்லை.

பதினைந்து வருடமாக அந்த டின் எண்ணெயில்தான் சமைக்கிறேன். ஒரு வாரமாக அந்தக் காகிதத்துக்கு நேர் கீழேதான் அந்த டின் நின்றது. எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றாலே கடலெண்ணெய்தான். செக்கில் ஆட்டி வருவதை டின்னில் ஊற்றி வைப்போம். அது எதிலிருந்து வருகிறது என்று யார் யோசிக்கிறார்கள்? கடலையை ஊரெல்லாம் துரத்திவிட்டு, அதைப் பிழிந்த எண்ணெயிலேயே எல்லாவற்றையும் ஆக்கி வைத்திருந்தேன். பிரியாணி, சோறு, கத்தரிக்காய், அப்பளம் எதுவும் மிச்சமில்லை.

டின்னை அப்படியே விட்டேன். எண்ணெய் தரையில் கொட்டியது. மேசைக்கு ஓடினேன். அந்த அம்மா அடுத்த கவளத்தை எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரின் இலையை இழுப்பதைப் போல அவமானம் எங்கள் பக்கத்தில் வேறில்லை. ஜென்மப் பகையாளிக்குக்கூட அதைச் செய்ய மாட்டோம். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, சோறோடு இலையை இழுத்துத் தரையில் போட்டேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கைடு கத்தினார். நான் அந்த அம்மாவுக்கு நேராகக் குனிந்தேன். வாயைத் திறந்து விரலை விட்டுக் காட்டி, துப்பச் சொல்லிச் சைகை காட்டினேன்.

அந்த அம்மாதான் முதலில் புரிந்துகொண்டார். ஏற்கெனவே கீழுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். உதடு தடிக்கத் தொடங்கியிருந்தது. தோளில் பையைத் தேடினார். பை இல்லை. அவர் கைடிடம் சொன்ன ஒரே ஒரு சொல்லைக் கேட்டுக் கைடின் முகம் வெளுத்துப்போனது. இப்படி ஆனால் குத்திக்கொள்ள வேண்டிய ஊசி அந்தப் பையில் இருந்தது. பை வேனில். வேன் சோளக்காட்டில். அனுப்பியது நான்.

கைபேசி எடுத்துப் பார்த்தார் கைடு. மலையில் அது வெறும் டப்பா. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் ஜீப்பைக் கிளப்பினார். மற்றவர்களை அக்காவிடம் விட்டுவிட்டு, பாத்திரங்களுக்கு நடுவே அந்த அம்மாவை என் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் கைடு. வேனை நோக்கிப் போங்கள் என்றேன் நான். அந்த அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கழுத்தெல்லாம் சிவந்து திட்டுத்திட்டாகத் தடித்துவிட்டது. சத்தம் இருக்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று நான் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓத ஓதப் பாதி பாதியில் மறந்தது.

மூன்றாவது வளைவில் வேன் எதிரே வந்தது. நாங்கள் விடாமல் ஹாரன் அடித்ததைக் கேட்டு, வழி கேட்கிறோம் என்று நினைத்து டிரைவர் ஓரமாக ஒதுங்கித் தாண்டிப் போகப் பார்த்தார். வீட்டுக்காரர் ஜீப்பை நடு ரோட்டில் குறுக்கே நிறுத்தினார். கைடு வேனுக்குள் பாய்ந்து எல்லாப் பைகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். நான்காவது பை அவருடையது. பேனா மாதிரி இருந்த அந்த ஊசியை எடுத்தார் அந்த அம்மா. நான் அவர் கையை என் கையால் பிடித்து அழுத்த, கால்சட்டைக்கு மேலேயே தொடையில் குத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இன்னும் இரண்டு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார். பிழைத்துக்கொண்டார் என்று அவர் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். கைடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, ஏரிக்கரையில தேனீ கொட்டிருச்சுன்னு சொல்லிடலாம். அவங்களும் நம்புவாங்க. இல்லாட்டி எனக்கும் வேலை போயிரும், உங்களுக்கும் ஆர்டர் போயிரும்."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். இனி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த அம்மா என்னை நம்பித்தான் சாப்பாட்டில் கை வைத்தார் என்பதை அவரும் நானும் மறந்துவிடலாம் என்று இருந்தது. கைடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, சாயங்காலம் மலையிறங்கினால் ராத்திரி சாப்பாட்டுக்கு ஈரோட்டுக்குப் போய்விடலாம், அங்கே ஓட்டலில் சொல்லி வைத்திருக்கிறேன், கடலை போட மாட்டார்கள் என்றார்.

கடலை போட மாட்டார்கள். நானும் இதையேதான் சொன்னேன், அதுவும் ஆணையிட்டு.

எழுந்து ஜீப்புக்குப் போனேன். பாத்திரங்களுக்கு அடியில் காலியான பழைய டின் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கைடு பின்னாலேயே ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தார், உதறினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் டின்னை வைத்து, கடலைப் படத்தைத் தொட்டேன். அப்பளம் உடைப்பது போலச் சைகை காட்டினேன். சோறு பிசைவது போலக் காட்டினேன். பிறகு என் நெஞ்சில் கை வைத்தேன். ஆணையிடும்போது வைத்த அதே இடம்.

"இதைச் சொல்லுங்க. இந்த ஊர்ப் பக்கம் எந்தச் சமையக்கட்டுக்குப் போனாலும் எண்ணெய் இதுதான். அவங்க கடலை இல்லைன்னுதான் சொல்லுவாங்க. பொய் சொல்ல மாட்டாங்க, என்னை மாதிரியே."

கைடு சொன்னார். அந்த அம்மா டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சென்னைக் கம்பெனியிலிருந்து அதற்குப் பிறகு எங்களுக்கு ஃபேக்ஸ் வரவே இல்லை. வராது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

நாலரை மணி இருக்கும். ஆக்சிஜன் குழாயை எடுத்திருந்தார்கள். பசிக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். கொஞ்சம் ஏதாவது சாப்பிடலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். கைடு பிஸ்கட் வாங்கி வந்தார். அந்த அம்மா பொட்டலத்தில் இருந்த எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, வேண்டாம் என்று தள்ளினார். பிறகு தலையைத் திருப்பித் தரையில் இருந்த என்னைத் தேடினார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே கடையில் மலைவாழைப் பழம் தொங்கியது. ஒரு சீப்பு வாங்கினேன். குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். போதவில்லை என்று மறுபடியும் கழுவினேன். மூன்றாம் தடவை கழுவும்போது வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார். சீப்பை அப்படியே கொண்டுபோய் அந்த அம்மாவுக்குக் காட்டினேன். அவருடைய ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி இருந்தது. மற்றொரு கையால் ஒரு பழத்தைப் பிய்த்து, உரிக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார்.

உரித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடித்தார், மென்றார், விழுங்கினார். அவர் முழுப் பழத்தையும் தின்று முடிக்கும் வரைக்கும் நான் அவர் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.