பழைய ஸ்டிக்கர் ஒட்டிய புதுப் போர்க்

மலையூரான நடுவட்டத்தில் என் டீக்கடை எதிரே, மலைக்காட்டில் ஓட்டும் கரண்டு பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்துக் குலுக்கலைத் தாங்கும் போர்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார் நரைத்த தாடிக்காரர் ஒருவர். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினார்.

“ஏனுங்கம்மா, செத்த ஏறி உக்காருங்க. எவ்வளவு அமுங்குதுன்னு பாக்கோணும்.”

“நீங்களே உக்காரலாமே?”

“ஓட்டறது எங்கூட்டுக்காரிங்க. வயசும் எடையும் உங்களாட்டத்தான் இருக்கும். பழசுல குலுங்கிக் குலுங்கி மணிக்கட்டு வீங்கிப்போச்சு. ஓட்டறத உடமாட்டேங்கறா.”

நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பாரோ? ஏறினேன். அளந்து, குலுக்கல் குறையப் போர்க்கில் கொஞ்சம் காற்றை இறக்கினார். பிறகு பழைய போர்க்கின் ஸ்டிக்கரை உரித்துப் புதியதில் ஒட்டினார்.

“அதெதுக்குங்க?”

“மாத்துனது தெரிஞ்சா, ‘எனக்கு வயசாயிருச்சுங்கறயா’ன்னு சண்டைக்கு வருவாளுங்க.”

போய்விட்டார். எனக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேனா, தெரியாத மாதிரி ஓட்டியிருப்பேனா? இன்னும் பிடிபடவில்லை.