மஞ்சள் கயிறு கட்டிய வால்வு

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்பதுதான் திம்மராயனுக்கு இருந்த ஒரே கர்வம். சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு கிளம்பி ஓசூருக்கு வந்து, சிப்காட் கம்பெனி ஒன்றில் ஹைட்ராலிக் பிரஸ் மிஷினுக்கு முன்னால் நின்றவர், இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குக் குங்குமம் வைப்பார். மிஷின் ஓடும் ஷாப்புக்குள் சேஃப்டி ஷூவைக் கழற்றக் கூடாது. அதனால் மனசுக்குள் கழற்றி வைத்துவிட்டுத்தான் கும்பிடுவார்.

அந்த மிஷினுக்குத்தான் இப்போது ஆபத்து. அதன் இரும்புக் கட்டை இறங்குவதற்கு நேரம் எடுக்கிறது, பம்ப் தேய்ந்திருக்கும் என்று மேலே யாருக்கோ சந்தேகம். தேய்ந்தது உண்மையென்றால் மிஷின் காயலான் கடைக்குப் போகும். பார்த்துச் சொல்ல லாவண்யா என்ற இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். அவள் ஸ்பேனரைத் தொடவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குள்ளே இதே மாதிரி இன்னொரு மிஷினைக் கட்டுகிறாளாம்.

திம்மராயன் எட்டிப் பார்த்தார். மிஷினைக் காணோம். இங்கே ஒரு பூஜ்யம், அங்கே ஒரு ஒன்று, சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து, நடுநடுவே அம்பு. அந்த அம்புக்கும் ஒரு பக்கத்து முனைதான் இருந்தது.

"என்னாங்க மேடம், அம்புல பாதியக் காணோம்? எலி கடிச்சிருச்சா?"

லாவண்யா சிரித்துவிட்டாள். "இதுல அரை அம்புதாங்கண்ணா போடணும். பாண்ட் கிராஃப்னு பேரு. பம்புல கெளம்பற சக்தி பைப்பு வழியா வந்து, அந்த இரும்புக் கட்டைய எறக்குது பாருங்க. அது எந்தப் பக்கம் போவுதுன்னு காட்டத்தான் அம்பு."

"பூஜ்யம் எதுக்கு?"

"பைப்பு பிரியற எடம். அங்க எல்லாத்துக்கும் ஒரே பிரஷர். ஒண்ணுன்னா வரிசையா போற எடம். எல்லாத்துலயும் ஒரே அளவு ஆயில் ஓடும்."

"நான் கணக்குல வாங்கின மார்க்கு ரெண்டும் இங்கதான் இருக்குது" என்றார் திம்மராயன்.

கட்டையின் எடைக்கு ஓர் எழுத்து, ஆயில் கொஞ்சூண்டு அமுங்குவதற்கு ஓர் எழுத்து, ஓட்டத்தைத் தடுக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் எழுத்து என்று அவள் மவுஸால் இழுத்து இழுத்து வைத்தாள். கல்யாணப் பந்தியில் ஒருத்தரையும் விட்டுவிடாமல் உட்கார வைப்பது போலிருந்தது அவருக்கு. ஆயில் திரும்பிப் போகிற ரிட்டர்ன் வால்வு வரும்வரைக்கும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது டிராயிங்ல ஃபுல் ஓப்பன்னு போட்டிருக்குது. சரிதானங்கண்ணா?"

திம்மராயன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்தபடி தலையை ஆட்டினார். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கட்டை தொம்மென்று இறங்கி, அடியில் இருந்த டை என்கிற அச்சு அடிக்கடி விரிசல் விட்டது. சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. தானே அந்த வால்வை மூன்று சுற்று மூடினார். கட்டை பூப்போல இறங்கியது. ஆனால் மெயின்டனன்ஸ் நசருல்லா மாதா மாதம் சார்ட்டைப் பார்த்து முழுசாகத் திறந்துவிடுவான். இவர் மூடுவார், அவன் திறப்பான். கடைசியில் ஆயுத பூஜை அன்று, வால்வின் கைப்பிடியைப் பைப்போடு சேர்த்து மஞ்சள் கயிற்றால் கட்டிக் குங்குமமும் வைத்துவிட்டார். அப்புறம் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. அடுத்த வருடம் யாரோ அதற்கு மாலை போட்டார்கள். அதற்கடுத்த வருடம் எலுமிச்சம்பழம் வந்தது. நாளாக நாளாகத் தான் செய்த தந்திரம் திம்மராயனுக்கே ஏறக்குறைய மறந்துபோய், அதன் முன்னால் நின்றால் கண் கலங்க ஆரம்பித்தது.

லாவண்யா மாடலை ஓட்டினாள். சிவப்புக் கோடு கம்ப்யூட்டர் மிஷின், நீலம் நிஜ மிஷின். சண்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிய புருஷன் பெண்டாட்டி போல, ஒன்றாகப் புறப்பட்டுத் தனித்தனியாகப் போயின. கம்ப்யூட்டரில் கட்டை மூன்று செகண்டில் இறங்கியது. நிஜத்தில் ஐந்து.

"அப்ப பம்பு தேஞ்சுதான் போச்சு. மேனேஜர் அசோக்குமார் சாருக்கு மத்தியானம் ரிப்போர்ட் கொடுத்துர்றேன்."

திம்மராயனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் மெமோ. சொல்லாவிட்டால் மிஷின் போய்விடும். வால்வின் முன்னால் போய் நின்றார். "நீயே சொல்லிரேன், தேவுடா" என்று வேண்டிக்கொண்டார். அது வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தார். "மேடம், அந்த வால்வு ஃபுல் ஓப்பன் இல்லீங்க. மூணு சுத்து மூடி வெச்சிருக்கேன்."

"ஐயோ அண்ணா! அது சாமி, கைய வெச்சிராதீங்கன்னு வந்ததுமே நசருல்லா அண்ணன் சொன்னாரே!"

பக்கத்தில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த நசருல்லா எழுந்தே விட்டான். "யோவ் திம்மண்ணா! உங்க சாமியாச்சேன்னு ஒம்போது வருஷமா ஒதுங்கிப் போறேன். போன வருஷம் மாலைகூட நான்தானய்யா வாங்கியாந்தேன்!"

"இப்ப சாமிதாம்பா. மொதல்ல உனக்காகக் கட்டினேன்."

லாவண்யா மாடலிலும் அந்த வால்வை மூன்று சுற்று மூடி மறுபடி ஓட்டினாள். ஐந்து செகண்ட். இரண்டு கோடும் சமாதானமாகி ஒன்றின் மேல் ஒன்று படிந்து போயின. பம்ப் நன்றாகத்தான் இருந்தது.

அசோக்குமார் வந்து எல்லாவற்றையும் கேட்டார். மிஷின் இருக்கட்டும் என்றார். சார்ட்டிலேயே மூன்று சுற்று மூடச் சொல்லி எழுதச் சொன்னார். அப்புறம் சார்ட்டைப் புரட்டினார். "மாசா மாசம் ஃபுல் ஓப்பன்னு டிக் போட்டிருக்குதே, நசருல்லா?" நசருல்லா மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தான்.

"ரெண்டு பேருக்கும் மெமோ. அந்தக் கயித்த அவுத்துருங்க."

யாரும் நகரவில்லை. அசோக்குமாரே கையை நீட்டினார். பாதி வழியில் நின்றது கை. "இன்னிக்கு என்ன, வெள்ளிக்கிழமையா? சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

சாயங்காலம் மெமோ வந்தது. திம்மராயன் இரண்டு கையாலும் வாங்கி, பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலில் இருந்த குங்குமம் கம்பெனி முத்திரையின் மேல் அப்பியது.

"எனக்கு இது நாலாவது. ஒண்ணும் பண்ணாது, திம்மண்ணா" என்று நசருல்லா தைரியம் சொன்னான். "ஆனா மெமோவக் கண்ணுல ஒத்திக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்."

"மிஷினக் காப்பாத்தின காயிதம்டா" என்றார் திம்மராயன். மடித்துச் சட்டைப் பையில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.